குறட்டை நிற்கும் அந்தப் பத்து விநாடி

குறட்டைச் சத்தத்துக்கு வீட்டில் இருப்பவர்கள் பழகிப்போய்விடுகிறார்கள். அந்தச் சத்தம் திடீரென்று நின்றுபோவதற்குத்தான் யாரும் பழகுவதில்லை. மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்கிறது. மல்லாந்து படுத்திருப்பவரின் நெஞ்சும் வயிறும் மாறி மாறி ஏறி இறங்குகின்றன. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தால் காற்று இல்லை. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி விழித்துக்கொண்டு மனதுக்குள் எண்ணுகிறார். பத்து, இருபது, சில நேரம் முப்பதையும் தாண்டும். பிறகு தொண்டையிலிருந்து பெரிய செருமல், உடம்பெல்லாம் ஓர் உலுக்கல், மறுபடியும் குறட்டை. காலையில் கேட்டால், "நான் நல்லாத்தானே தூங்கினேன்" என்பார் கணவர். அவர் பொய் சொல்லவில்லை. நடந்தது எதுவும் அவர் நினைவில் இல்லை.

குறட்டை விடுகிறவர் ஆழ்ந்து தூங்குகிறார் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. அசதியில் அடித்துப் போட்டாற்போலத் தூங்குகிறார், எழுப்பாதே என்பார்கள். பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் செருகினால் கும்பகர்ணன் என்று கேலி செய்வார்கள். நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தால், அமுக்குவான் பேய் என்று தலையணைக்கு அடியில் இரும்புத் துண்டு வைத்த பாட்டிகளும் இருந்தார்கள். இந்த மூன்றும் ஒரே நோயின் அடையாளமாக இருக்கக்கூடும். மருத்துவர்கள் அதை ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் நோய் அது.

இதைப் பண்டார் தெங்காராவை முன்வைத்து எழுதக் காரணம் இருக்கிறது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் கூலாய் மாவட்டத்தில், செம்பனைக்கு நடுவே திட்டமிட்டு எழுப்பப்பட்ட நகரம் இது. 1972இல் தொடங்கப்பட்ட கெஜோரா என்னும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் காடு திருத்திக் குடியேற்றங்களை உண்டாக்கியபோது உருவானது. சுற்றிலும் பெல்டா நிலத்திட்டங்கள், தோட்டங்கள், எண்ணெய் ஆலைகள். வெட்டிய குலையை ஒரு நாளைக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும். அதனால் குலை ஏற்றிய லோரிக்குப் பகல், இரவு என்ற பேதம் கிடையாது. கூலாய், செனாய் பக்கம் தொழிற்சாலைக்கு ஆளேற்றும் பஸ்களும் ஓடுகின்றன. விடியுமுன் மோட்டார் சைக்கிளை உதைத்துச் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்புகிறவர்களும் இந்த மாவட்டத்தில் ஏராளம். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் இரவெல்லாம் மூச்சடைத்துக் கிடந்துவிட்டு மறுநாள் வண்டி எடுத்தால், ஆபத்து அவர் ஒருவரோடு நிற்காது.

மூச்சு எப்படி அடைபடுகிறது?

நாம் தூங்கும்போது தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் தசைகள் தளர்கின்றன. நாக்கு பின்னால் சரிகிறது. பெரும்பாலோருக்கு அப்போதும் காற்றுக்குப் போதுமான வழி மிச்சமிருக்கும். கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தவருக்கும், கீழ்த்தாடை சிறியதாகவோ உள்வாங்கியோ இருப்பவருக்கும், டான்சில் சதை பெருத்த குழந்தைக்கும் அந்த வழி குறுகுகிறது. குறுகிய வழியில் காற்று உரசி அதிர்வதுதான் குறட்டை. வழி முழுதாக ஒட்டிக்கொண்டால் குறட்டையும் நின்றுவிடும், மூச்சும் நின்றுவிடும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது. மூளை பதறி, ஓரிரு விநாடி நம்மை விழிக்கச் செய்து தசையை இறுக்கித் தொண்டையைத் திறக்கிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு.

காற்று பத்து விநாடியாவது நின்றால்தான் அதை ஒரு நிகழ்வாகக் கணக்கெடுக்கிறார்கள். காற்று நிற்காமல் வெகுவாகக் குறைவதும் இந்தக் கணக்கில் சேரும். மணிக்கு 5 தடவை முதல் லேசான நோய், 15 முதல் நடுத்தரம், 30 முதல் கடுமை. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. ஆறு மணி நேரத் தூக்கத்தில் 180 தடவை ஒருவரைத் தட்டி எழுப்பினால் அவர் மறுநாள் எப்படி இருப்பாரோ, அப்படித்தான் இந்த நோயாளி ஒவ்வொரு நாளும் இருக்கிறார்.

பகல் தூக்கம் இதில் பாதிதான். ஒவ்வொரு அடைப்பின்போதும் நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறுகின்றன. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் ரத்தக் கொதிப்பு நிலையாகத் தங்கிவிடுகிறது. மூன்று வகை மாத்திரை போட்டும் கொதிப்பு இறங்காதவரிடம் தூக்கத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்பது இப்போது மருத்துவத்தில் பாலபாடம். இதயத் துடிப்பு ஒழுங்கு தப்புவது, பக்கவாதம், இனிப்பு நீர் ஆகியவற்றோடும் இந்த நோய்க்குத் தொடர்பு உண்டு.

2019இல் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தின் சுவாச நோய் ஏட்டில் ஒரு கணக்கு வந்தது. உலகில் 30 முதல் 69 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய 93 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்றது அது. நம் பக்கத்துக் கணக்கும் இருக்கிறது. மலேசியாவில் 1,611 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், 47.3 விழுக்காட்டினர் வழக்கமாகக் குறட்டை விடுகிறவர்கள், 15.2 விழுக்காட்டினருக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்பதைப் பிறர் கவனித்திருந்தார்கள். சிங்கப்பூரில் 2016இல் வெளிவந்த ஆய்வு கேள்வித்தாளோடு நிற்காமல் கருவி பொருத்தியே பார்த்தது. நடுத்தர அல்லது கடுமையான நோய் 30.5 விழுக்காட்டினருக்கு இருந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, தங்களுக்கு அப்படி ஒரு நோய் இருப்பதே அதுவரை தெரியாது.

நம் சமூகம் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியர்களிடையே இனிப்பு நீர் 31.4 விழுக்காடு, எந்த இனத்தையும்விட அதிகம். அதிக எடையும் உடல் பருமனும் நம்மிடம்தான் மிகுதி. இந்த நோய் எங்கே கூடு கட்டுமோ அந்த இடமெல்லாம் நம்மிடம் தயாராக இருக்கிறது. குண்டானவருக்கு மட்டும் வரும் என்று நினைத்து ஒல்லியானவர்கள் நிம்மதியடைய வேண்டாம். ஆசிய முகங்களில் தாடை அமைப்பின் காரணமாக எடை அதிகமில்லாதவருக்கும் இது வருகிறது.

பெண்கள் விஷயத்தில் இன்னொரு அநியாயம் நடக்கிறது. பெண் குறட்டை விடுவாள் என்று சொல்வதே அவமானம் என்றிருக்கும் வீடுகளில் அவள் வாயே திறப்பதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் ஆபத்து கூடுகிறது. ஆனால் அவர்கள் டாக்டரிடம் சொல்வது வேறாக இருக்கும்: தூக்கமே வருவதில்லை, காலையில் தலைவலி, உடம்பில் தெம்பில்லை, மனசு சரியில்லை. தூக்க மாத்திரையோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த மாத்திரைகளில் சில, தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி நோயைக் கூட்டும்.

ஓட்டுநர் இருக்கையில்

இந்த நாட்டின் விரைவு பஸ் ஓட்டுநர்கள் 289 பேரைச் சோதித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் 128 பேருக்கு, அதாவது 44.3 விழுக்காட்டினருக்கு, ஸ்லீப் ஆப்னியா இருந்தது. பெரும்பாலோருக்கு லேசானதுதான். ஆனாலும் 26 பேருக்கு நடுத்தரம், 19 பேருக்குக் கடுமை. ஒவ்வொருவரும் ஒரு பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு இரவில் நெடுஞ்சாலையில் போகிறவர்கள்.

சிகிச்சை பெறாத நோயாளி வாகன விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். விபத்துச் செய்தியில் "ஓட்டுநர் கண்ணயர்ந்தார்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அவர் ஏன் கண்ணயர்ந்தார் என்று யாரும் மேலே கேட்பதில்லை. இரண்டு ஷிப்ட் சேர்த்து ஓட்டியதால் அயர்ந்தவர் உண்டு. அது முதலாளியும் சட்டமும் பார்க்க வேண்டிய விஷயம். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தும் அயர்ந்தவர் உண்டு. அவரைப் பார்க்க வேண்டியவர் டாக்டர். வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். சோதித்தால்தான் வேறுபாடு தெரியும்.

ஓட்டுநர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வருவது பயம்தான். லைசென்ஸ் போய்விடுமோ, வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். தவணை கட்ட வேண்டியவர், பிள்ளையைப் படிக்க வைப்பவர், தானாகப் போய் "எனக்குப் பகலில் தூக்கம் வருகிறது" என்று எழுதிக் கொடுப்பாரா? கொடுக்க மாட்டார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் ஓட்டுநர் உரிம விதிகளில் இந்த நோயைச் சேர்த்தது. பகல் தூக்கத்தோடு கூடிய நடுத்தர அல்லது கடுமையான நோய் இருப்பவர் வண்டி ஓட்டக் கூடாது. சிகிச்சையால் நோய் கட்டுப்பட்டதாக மருத்துவர் உறுதி செய்தால் மறுபடி ஓட்டலாம். பிரிட்டனிலும் இதே முறைதான். நோய் இருக்கிறது என்ற காரணத்துக்காக வேலையைப் பிடுங்குவது அந்த விதிகளின் நோக்கம் இல்லை. சிகிச்சை எடுத்தவரைத் திரும்ப இருக்கையில் உட்கார வைக்கிற கதவு அதிலேயே இருக்கிறது. நம் நாட்டிலும் கனரக வாகன உரிமத்துக்கு மருத்துவச் சான்று உண்டு. கண் பார்வையையும் ரத்த அழுத்தத்தையும் பார்ப்பது போலவே கழுத்தளவையும் தூக்கத்தையும் உண்மையாக விசாரித்து, சந்தேகம் உள்ளவருக்குச் சோதனை செய்து, வேலைக்கு உத்தரவாதமும் கொடுத்தால், மறைக்க வேண்டிய தேவை இருக்காது.

இங்கேதான் பெரிய முட்டுக்கட்டை வருகிறது. சோதனையை எங்கே செய்வது?

நிறைவான சோதனை மருத்துவமனையின் தூக்க ஆய்வுக்கூடத்தில் நடக்கிறது. தலையில் மூளை அலைக்கு மின்முனைகள், கண்ணோரம் சில, தாடையில், நெஞ்சில், காலில் என்று ஒயர்கள். மூக்கில் குழல், நெஞ்சையும் வயிற்றையும் சுற்றி இரண்டு பட்டை, விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கிளிப். இத்தனையையும் மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத கட்டிலில் ஓர் இரவு தூங்க வேண்டும். பயிற்சி பெற்ற ஊழியர் இரவெல்லாம் விழித்திருந்து கண்காணிக்க வேண்டும். ஓர் இரவில் ஒரு கட்டிலுக்கு ஒரே நோயாளி. ஆய்வுக்கூடங்களும் பெரிய நகரங்களில்தான். பண்டார் தெங்காராக்காரர் முதலில் உள்ளூர்க் கிளினிக்கில் சொல்லி, கூலாய் மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கி, அங்கிருந்து இன்னும் பெரிய மருத்துவமனைக்குத் தேதி வாங்கிப் போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு நாள் சம்பளம் போகும். நாள் கூலிக்காரர் இரண்டாவது படியிலேயே நின்றுவிடுவார்.

தாடையின் மேல் மூன்று கிராம்

அதனால்தான் பெல்ஜியத்தின் நாமூர் நகரிலிருந்து வந்த ஒரு யோசனை கவனிக்கத் தக்கது. அங்கே ழான்-பெனுவா மார்த்தினோ என்ற நுரையீரல் மருத்துவர், தூக்கத்தில் கீழ்த்தாடை எப்படி அசைகிறது என்பதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து வந்தார். அவருடைய மகன் லோரான் மார்த்தினோ அந்த ஆராய்ச்சியைக் கருவியாக்க சன்ரைஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தக் கருவி மூன்று கிராம்தான் எடை. கீழுதட்டுக்குக் கீழே மோவாயில் இருக்கும் பள்ளத்தில் பிளாஸ்திரி போல ஒட்டிக்கொண்டு, கைப்பேசிச் செயலியைத் தொடக்கிவிட்டுப் படுத்துவிட வேண்டியதுதான். மூக்கில் குழல் இல்லை, நெஞ்சில் பட்டை இல்லை, ஒயர் இல்லை. உள்ளே இருக்கும் நுண்ணிய உணரிகள் தாடை எவ்வளவு, எந்தப் பக்கம் நகர்கிறது, சுழல்கிறது என்பதை இரவெல்லாம் பதிவு செய்கின்றன. காலையில் அந்தப் பதிவு இணையம் வழியாகப் போய், கணினி நிரல் அலசி, மருத்துவருக்கு அறிக்கையாக வருகிறது.

தாடைக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்? நாக்கின் முக்கியமான தசை கீழ்த்தாடையின் உட்புறத்தில்தான் கட்டுண்டிருக்கிறது. தாடை இறங்கிப் பின்னால் போனால் நாக்கும் கூடவே போய்த் தொண்டையை அடைக்கும். இது ஒரு பக்கம். இதைவிடச் சுவையான விஷயம் மூளையில் இருக்கிறது. மெல்லுவதற்கான தசைகளை இயக்குவது முக்கிளை நரம்பு என்னும் ஐந்தாவது மூளை நரம்பு. அது கிளம்புமிடம் மூளைத்தண்டு. மூச்சுக்குத் தாளம் போடும் மையங்களும் அதே மூளைத்தண்டில்தான். அதனால் மூளை "இன்னும் பலமாக இழு" என்று மூச்சுத் தசைகளுக்குக் கட்டளையிடும்போது தாடையும் அதே தாளத்தில் அசைகிறது.

நல்ல தூக்கத்தில் இந்த அசைவு கண்ணுக்கே தெரியாது. மில்லிமீட்டரில் சிறு பின்னம். தொண்டை அடைபடத் தொடங்கியதும், ஒவ்வொரு மூச்சு முயற்சிக்கும் தாடை கீழே இறங்கி ஏறுவது பெரிதாகிக்கொண்டே போகிறது. மூளை விழித்துக்கொள்ளும் நொடியில் தாடை சட்டென்று மூடிக்கொள்கிறது. பதிவில் அது செங்குத்தான ஒரு வெட்டாக விழும். இந்த ஏற்றத்தையும் வெட்டையும் எண்ணினால் எத்தனை அடைப்பு, எத்தனை விழிப்பு என்று தெரிந்துவிடும். இன்னொரு நன்மையும் உண்டு. சிலருக்குத் தொண்டை திறந்தே இருக்கும். மூளையே மூச்சுக்குக் கட்டளை கொடுக்க மறந்துவிடும். அவர்களிடம் மூச்சு நிற்கும்போது தாடையும் அசையாமல் கிடக்கும். இரண்டு வகைக்கும் சிகிச்சை வேறு வேறு என்பதால் இந்த வேறுபாடு முக்கியம்.

இதை நம்பலாமா என்று கேட்பது நியாயம். பிரான்சின் கிரெனோபிள் நகரைச் சேர்ந்த ழான்-லூயி பெபான் தலைமையில் 376 பேரிடம் செய்த ஆய்வு 2020 ஜனவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா நெட்வொர்க் ஓபன் இதழில் வெளிவந்தது. ஒரே இரவில், ஒரே நோயாளிக்கு, ஆய்வுக்கூடச் சோதனையையும் தாடைப் பதிவையும் சேர்த்தே எடுத்து ஒப்பிட்டார்கள். நோய் உள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்தறிவதில் தாடைப் பதிவு ஆய்வுக்கூடத்துக்கு மிக நெருக்கமாக வந்தது. ஆய்வுக்கூடத்தில் சரி, வீட்டில்? 2022இல் பிரிட்டனில் 40 பேரை அவரவர் வீட்டிலேயே, முழு ஒயர்ச் சோதனையோடு சேர்த்துப் பார்த்தபோதும் ஒத்துப்போனது. அதே ஆண்டு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமும் கருவியை அனுமதித்தது. பெல்ஜியத்திலேயே இன்னொரு நிறுவனம் காந்த உணரிகளை நெற்றியிலும் மோவாயிலும் ஒட்டித் தாடை அசைவை அளக்கிறது. ஆக, இது ஒரு கம்பெனியின் விளம்பரச் சரக்கு இல்லை. உடலியங்கியலில் வேர் பிடித்த முறை.

என் கருத்தில் இதன் பெரிய பலம் துல்லியம்கூட இல்லை. தோட்டத்து லயத்தில் இருந்துகொண்டு, தன் பாயிலேயே படுத்து, மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போகலாம் என்பதுதான். தபாலில் அனுப்பக்கூடிய, மூன்று கிராம் எடையுள்ள ஒரு பொருள், கூலாய்க்கும் ஜொகூர் பாருவுக்கும் போய்வரும் நாள்களை மிச்சப்படுத்துகிறது. மாவட்டத்துக்குச் சில கருவிகளும், அறிக்கையைப் படித்து முடிவெடுக்க ஒரு நிபுணரும் இருந்தால், கிராமக் கிளினிக்கிலிருந்தே இந்தச் சோதனையை நடத்த முடியும். மேலே சொன்ன ஆய்வுகள் ஐரோப்பிய முகங்களில் செய்தவை. நம் மூவினத்தாரின் தாடைகளில் சோதித்துப் பார்க்கும் பொறுப்பை உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தோட்டங்களையும் பஸ் டிப்போக்களையும்விடப் பொருத்தமான இடம் இல்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். மோவாயில் அடர்ந்த தாடி இருந்தால் பிளாஸ்திரி ஒட்டாது. கைப்பேசியும் இணையமும் வேண்டும். இதயம் பலவீனமானவர், கடுமையான நுரையீரல் நோய் உள்ளவர், நரம்புத் தசை நோய் உள்ளவர், ஓபியம் சார்ந்த வலி மருந்து எடுப்பவர் ஆகியோருக்கு வீட்டுச் சோதனை போதாது, அவர்களுக்கு ஆய்வுக்கூடம்தான். வீட்டுச் சோதனையில் "ஒன்றுமில்லை" என்று வந்து, ஆனால் பகல் தூக்கமும் மூச்சு நிற்பதும் தொடர்ந்தால், அத்தோடு விட்டுவிடக் கூடாது. வீட்டுச் சோதனை என்ற பெயரில் வேறு கருவிகளும் இருக்கின்றன. விரல் கிளிப், மூக்குக் குழல், நெஞ்சுப் பட்டை மூன்றையும் கொண்டது பழையது, நன்கு நிலைபெற்றது. டாக்டர் அதைக் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். 2024இல் சாம்சுங், ஆப்பிள் கைக்கடிகாரங்களுக்கும் இந்த நோயைப் பற்றி எச்சரிக்கும் வசதிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கடிகாரம் எச்சரித்தால் டாக்டரிடம் போங்கள். எச்சரிக்காமல் இருப்பதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கருவி வரும்வரை ஓர் அளவு நாடா போதும். டொரோண்டோவின் மயக்க மருந்து மருத்துவர் பிரான்சிஸ் சுங் 2008இல் உருவாக்கிய ஸ்டாப்-பேங் என்ற எட்டுக் கேள்விகளை உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். கதவைத் தாண்டிக் கேட்கும் குறட்டை உண்டா? பகலில் சோர்வும் தூக்கமும் உண்டா? தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா? ரத்தக் கொதிப்பு உண்டா? உடல் நிறைக் குறியீடு 35க்கு மேலா? வயது 50க்கு மேலா? கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா? ஆணா? மூன்று "ஆம்" வந்தாலே விசாரிக்க வேண்டும். ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் தள்ளிப்போடக் கூடாது. தையற்காரர் அளவெடுக்கிற மாதிரிச் சட்டைக் காலர் நிற்கும் இடத்தில் நாடாவைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

மூன்றாவது கேள்விக்கு நோயாளியால் பதில் சொல்ல முடியாது. மனைவியோ, கணவரோ, ஒரே அறையில் படுக்கும் பிள்ளையோதான் சொல்ல வேண்டும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். கைப்பேசியில் ஐந்து நிமிடம் காணொளி எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

கண்டுபிடித்த பிறகு?

ஆஸ்திரேலியாவின் கொலின் சல்லிவன் 1981இல் சிட்னியில் ஐந்து நோயாளிகளின் மூக்கு வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டை மூடாமல் பிடித்து நிறுத்தினார். சிபேப் என்று இன்று சொல்லும் கருவி அதிலிருந்து வந்தது. நடுத்தர, கடுமையான நோய்க்கு இன்றும் அதுதான் முதல் சிகிச்சை. பல ஆண்டுகள் தூங்கியும் தூங்காத ஒருவர், முகமூடி பொருந்தி நன்றாகத் தூங்கி எழுந்த காலையில், உலகமே தெளிவாகத் தெரிகிறது என்பார். ஆனால் முகமூடியோடு பழகுவது எளிதில்லை. 2016இல் வெளியான, 2,717 பேர் பங்கேற்ற சேவ் ஆய்வில், கருவி பெற்றவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் அதை மாட்டியிருந்தார்கள். அந்த ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தெளிந்தது, வேலைக்குப் போக முடியாத நாள்கள் குறைந்தன. இதயத்தைக் காக்கும் என்று இந்தக் கருவியை விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். வண்டி ஓட்டுபவரின் கண்ணைத் திறந்து வைக்கும் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

லேசான நோய்க்குப் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்யும் வாய்க்கருவி உண்டு. கீழ்த்தாடையைச் சற்று முன்னால் இழுத்துப் பிடித்திருக்கும். உடல் எடை பத்து விழுக்காடு குறைந்தால் அடைப்புகள் கால்பங்குக்கு மேல் குறைகின்றன என்று 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. எடை குறைக்கும் டிர்செபடைடு ஊசி மருந்தை, பருமனோடு கூடிய நடுத்தர, கடுமையான ஆப்னியாவுக்கென்று 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. விலை சாமானியருக்கு எட்டாது. எட்டுகிற காரியங்களும் இருக்கின்றன. மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது சிலருக்கு நோயைப் பாதியாக்கும். படுக்கும் முன் குடிப்பதை நிறுத்த வேண்டும். சம்சுவோ பீரோ, மது தொண்டைத் தசையைத் தளர்த்தி அடைப்பை நீட்டிக்கிறது. வாயைத் திறந்து மூச்சு விட்டுத் தூங்கும், வகுப்பில் துறுதுறுவென்று கவனம் சிதறும் குழந்தையைக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்; டான்சில் சதையை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

குறைந்த வருமானப் பிரிவான பி40 குடும்பத்தில் 40 வயதைக் கடந்தவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை உண்டு. சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் சந்தாதாரர்களுக்கும் 40 வயதில் பரிசோதனை உண்டு. இரண்டிலும் ரத்தம் எடுப்பார்கள், அழுத்தம் பார்ப்பார்கள். நீங்களாகவே குறட்டையைப் பற்றியும் பகல் தூக்கத்தைப் பற்றியும் பேச்செடுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை. எண்ணெய் ஆலைகளுக்கும் லோரி, பஸ் முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் ஓட்டுநர்களுக்கு ஆண்டில் ஒரு முறை இந்த எட்டுக் கேள்விகளைக் கேட்க ஏற்பாடு செய்யுங்கள், சந்தேகம் உள்ளவரின் சோதனைச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள், சோதனைக்குப் போகும் நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். ஒரு லோரி கவிழ்ந்தால் ஆகும் செலவுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. ஓட்டுநர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். சிக்னலில் நிற்கும்போதே கண் மூடுகிறது என்றால், கண்ணாடியை இறக்கிவிட்டும் காப்பி குடித்தும் சமாளிக்காதீர்கள். சோதனை முடிந்து சிகிச்சை தொடங்கும்வரை ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள்.